கோடைக்கானல் சோலையில் ஈப்பிடிப்பான் தேடுவது: டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்குக் கும்பகோணம் பக்கம். வருடத்துக்கு ஒருமுறை, சம்பா அறுவடை முடிந்த கையோடு, தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்துக் கோடைக்கானல் போவோம். படகு விட இல்லை, கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் என்ற ஒரு குருவியைப் பார்க்க. புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொரு வருடமும் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன்.

அப்படி என்ன குருவி அது? அதற்காக வேலை மெனக்கெட்டு முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டுமா?

நம் வீட்டுச் சிட்டுக்குருவியை விடச் சிறியது, 11 முதல் 13 சென்டிமீட்டர்தான். ஆணுக்குத் தலையும் இறக்கையும் கரிய கருப்பு. முதுகு, மார்பு, வால் எல்லாம் நல்ல ஆரஞ்சு. பாதி அணைந்த கொள்ளிக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு அந்தக் கருப்பு இருக்கும் இடத்தில் மங்கிய பழுப்பு, கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம்.

போக வேண்டுமா என்றால், வேறு வழியில்லை. நீலகிரி, பழனி மலை, ஆனைமலை, அவற்றை ஒட்டிய கேரள, கர்நாடக மலைகள் என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான் இது வாழ்கிறது. 1839-இல் ஜெர்டான் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை முதலில் விவரித்து எழுதினார். உலகத்தில் வேறெந்த நாட்டிலும் கிடையாது. வலசையும் போகாது, வருடம் முழுக்க அதே மலையில்தான்.

இன்னொன்றும் சொல்வேன். பழனி மலையின் வடக்குச் சரிவில் இறங்கும் சண்முகாநதி, நங்காஞ்சி, குடவனாறு எல்லாம் அமராவதியில் சேர்கின்றன. அமராவதி கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிறது. அந்தக் குருவி குடியிருக்கும் மலையின் தண்ணீரில் ஒரு பங்கு நம் வாய்க்காலுக்கும் வருகிறது. அந்த உரிமையில் போய்ப் பார்க்கலாம்.

பச்சைமலை, கொல்லிமலை எல்லாம் பக்கத்தில்தானே. அங்கே பார்க்க முடியாதா?

முடியாது. இந்தக் குருவிக்கு வேண்டியது மேகம் வந்து தங்கும் சோலைக்காடு. பெரும்பாலும் 1500 மீட்டருக்கு மேல்தான் அது வசதியாக இருக்கிறது. பச்சைமலை, கொல்லிமலை போனால் வேறு ஈப்பிடிப்பான்கள் கிடைக்கும், வீண் பயணம் இல்லை. ஆனால் இது இருக்காது.

எந்த மாதம் போவது?

மாசி, பங்குனி. சம்பாவும் தாளடியும் அறுத்து உளுந்து தெளித்தாகிவிட்டது, நமக்குக் கை ஓய்வு. குருவிக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது. மார்ச்சிலிருந்து ஜூலை வரை கூடு கட்டும் காலம். ஆண் தன் எல்லையைக் காக்கக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும், எளிதில் கண்ணில் படும்.

பள்ளி விடுமுறை என்று மே மாதம் போகிறவர்கள் உண்டு. மலை முழுக்க ஹாரன் சத்தம். நான் போக மாட்டேன். ஐப்பசி, கார்த்திகையும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை நம்மைப் போலவே கோடைக்கானலையும் நன்றாக நனைக்கும். டிசம்பர், ஜனவரி விடியலில் உறைபனி விழும். குருவி இருக்கும், நம் விரல் பைனாகுலரைப் பிடிக்காது.

நேரம் என்றால் காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை. வெயில் ஏற ஏறச் சமவெளியின் ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறும், ஏறும்போதே குளிர்ந்து மேகமாகும். பல நாட்களில் மதியத்துக்கு மேல் எதிரில் நிற்கும் ஆள் தெரியாது. 'மேகம் இறங்கிடுச்சு' என்று அங்கே சொல்வார்கள். உண்மையில் அது கீழேயிருந்து ஏறி வந்தது.

வடுவூர் ஏரியில் பத்து வருடமாகப் பறவை பார்க்கிறேன். சோலையில் மூன்று நாள் சுற்றியும் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஏன் சார்?

பத்து வருடம் வடுவூரில் பார்த்ததால்தான்.

ஏரிக்கரையில் நின்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். நத்தைகுத்தி நாரையும் ஊசிவால் வாத்தும் எதிரிலேயே இருக்கின்றன. நாம் பறவையைத் தேடுவதே இல்லை, எண்ணுகிறோம். உதயமார்த்தாண்டபுரத்திலும் அப்படித்தான், கரைவெட்டியிலும் அப்படித்தான். வயல்வெளியில் வளர்ந்த கண் தூரத்தைத்தான் முதலில் பார்க்கும்.

சோலையில் தூரம் என்ற ஒன்றே கிடையாது. புல்வெளி மலைகளின் மடிப்புகளில், தண்ணீர் ஓடும் பள்ளங்களில் நெருக்கமாக முளைத்த காடு அது. மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் பாசி பிடித்து நிற்கும். அடியில் குறிஞ்சி இனச் செடிகளும் பெரணியும் இடுப்பளவு. பத்துப் பதினைந்து அடிக்கு மேல் பார்வை போகாது. அங்கே போய் நாம் என்ன செய்கிறோம்? பழக்கதோஷத்தில் தலையை நிமிர்த்தி மர உச்சியைப் பார்த்துக்கொண்டே நடக்கிறோம். இந்தக் குருவியோ முழங்கால் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

எனக்கும் முதல் தடவை இதே கதிதான். இரண்டு நாள் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு, பேசிக்கொண்டு, சோலைக்குள் நடந்தே தீர்த்தோம். மூன்றாம் நாள் கூட வந்தவர் ஒருவரின் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவர் கல்லில் உட்கார்ந்து ஊக்கு போட்டுச் சரிசெய்யும் வரை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். பத்து நிமிடம் இருக்கும். ஓடையோரப் பெரணித் தண்டில் ஆண் குருவி வந்து உட்கார்ந்தது. இறங்கிச் சருகிலிருந்து எதையோ கொத்தியது, மறுபடி ஏறியது. எங்களை அது பொருட்படுத்தவே இல்லை. இரண்டு நாளும் அதன் வீட்டு வாசலைத்தான் மிதித்துக்கொண்டு போயிருக்கிறோம்.

அதனால் சொல்கிறேன், நடக்காதீர்கள். சோலைக்குள் போகும் பாதை ஓடையைக் கடக்கும் இடமாகப் பாருங்கள். சருகு தடியாகக் கிடக்க வேண்டும், அடிச்செடி அடர்த்தியாக இருக்க வேண்டும். அங்கே அரை மணி நேரம் உட்காருங்கள், பார்வை இடுப்புக்குக் கீழே. பைன் தோப்பில் உட்காராதீர்கள். பைன் ஊசி மெத்தை மாதிரி கிடக்கும், அழகாகவும் இருக்கும், ஆனால் அடியில் செடியே இருக்காது. அங்கே இந்தக் குருவிக்கு வேலை இல்லை.

ஈப்பிடிப்பான் என்றால் பறந்து பறந்து ஈ பிடிக்க வேண்டாமா?

நியாயமான கேள்வி. நம் ஊர்க் கம்பியில் உட்காரும் கரிச்சானை, அதாவது ரெட்டைவால் குருவியைப் பாருங்கள். கம்பியிலிருந்து பாயும், நடுவானில் பூச்சியைக் கவ்வும், பழைய இடத்துக்கே திரும்பும். பஞ்சுருட்டானும் அப்படியே. இவை இரண்டும் ஈப்பிடிப்பான் குடும்பம் அல்ல. ஆனாலும் அந்தப் பாய்ச்சல்தான் ஈப்பிடிப்பான்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

கருப்பு-ஆரஞ்சு இதில் விதிவிலக்கு. வானத்தில் பாய்வது குறைவு. புதருக்குள் கிளைக்குக் கிளை தாவி, இலையிலும் தரையிலும் இருக்கும் பூச்சியைப் பொறுக்கும். பெயரை நம்பிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள்.

அதே குடும்பத்தில் இன்னொரு விசித்திரமும் உண்டு. உங்கள் வீட்டுக் கொல்லையில் விடிகாலையில் சீட்டியடிக்கும் குண்டுகரிச்சானும், வைக்கோல் போர் பக்கம் வாலைத் தூக்கிக்கொண்டு திரியும் கருஞ்சிட்டும் இந்த ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அரசவால் ஈப்பிடிப்பான் மட்டும், பெயரில் ஈப்பிடிப்பானை வைத்துக்கொண்டு, வேறு குடும்பம்.

மேகத்துக்குள் நிறமே தெரியாதே. எப்படி அடையாளம் சொல்வது?

நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மேகத்தில் நீலம் கருப்பாகத் தெரியும், ஆரஞ்சு செங்கல் பழுப்பாகத் தெரியும். நிறத்தை நம்பிக் குறிப்பெழுதினால் நாலு குருவி நாற்பதாகிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது, எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. தரையிலிருந்து இடுப்பு வரை என்றால் கருப்பு-ஆரஞ்சாக இருக்க வாய்ப்பு அதிகம். மரத்தின் நடுக்கிளையில் ஒரு நிமிடம் சும்மா இராமல் குதித்துக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்தால், அதிலும் நாலைந்து வகைக் குருவிகள் கூட்டாக நகரும் கும்பலோடு இருந்தால், அது சாம்பல் தலை ஈப்பிடிப்பான். அதன் மஞ்சள் வயிறு எந்த மேகத்திலும் ஓரளவு தெரிந்துவிடும். உயர்ந்த கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நீலகிரி ஈப்பிடிப்பான்.

அடுத்தது, உட்காரும் விதம். பிறகு இரை பிடிக்கும் விதம்: பாய்ந்து திரும்புகிறதா, பொறுக்குகிறதா. இதெல்லாம் முடிந்த பிறகும் குருவி அங்கேயே இருந்தால் நிறம் பாருங்கள். அதையும் மேகம் விலகும் அந்த அரை நிமிடத்தில் பாருங்கள்.

நீலமாக ஒன்று பார்த்தேன். நீலகிரி ஈப்பிடிப்பானா?

கோடைக்கானல் உயரத்தில் பார்த்திருந்தால் அநேகமாக ஆம். ஆனால் அங்கே நீலமாக வேறு சிலவும் உண்டு, அவசரப்பட வேண்டாம்.

நீலகிரி ஈப்பிடிப்பான் ஆண், நம் வீட்டில் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைக்காமல் வைத்த மாதிரி, அடர்ந்த நீலம். நெற்றியில் மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். வால் தொடங்கும் இடத்தில் சிறிய வெள்ளைத் திட்டு. பூச்சியோடு சிறு பழங்களும் தின்னும். இதுவும் நம் மலைகளுக்கே உரியது.

இதோடு குழப்புவது வெர்டிட்டர் ஈப்பிடிப்பான். இமயமலையிலிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் வருவது. அதன் நீலத்தில் பச்சை கலந்திருக்கும், மயில் துத்தம் மாதிரி. அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில் கருப்புத் தீற்றல் தெளிவாகத் தெரியும். நீலகிரிக்கு அப்படி எடுப்பாகத் தெரியாது. நான் இந்தக் கருப்பைத்தான் முதலில் தேடுவேன்.

மார்பு ஆரஞ்சு, முதுகு நீலம் என்றால் அது டிக்கெல் நீல ஈப்பிடிப்பான். தாழ்ந்த மலை, சமவெளி மூங்கில் புதர் எல்லாவற்றிலும் இருப்பது. மலைப்பாதையில் கீழேயே வண்டியை நிறுத்தியபோது பார்த்திருப்பீர்கள். வெண்வயிற்று நீல ஈப்பிடிப்பானும் கொஞ்சம் தாழ்ந்த ஈரக்காட்டுப் பறவை.

நீலமாக, வயிறு வெள்ளையாக, நீண்ட காலோடு சோலைப் பாதையில் தரையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அது 'சோலைக்கிளி'. கிளி என்றதும் பச்சைக்கிளியைத் தேடாதீர்கள். மலையாள வழக்கில் கிளி என்றால் எந்தக் குருவிக்கும் பொருந்தும், அங்கிருந்து வந்த பெயர். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒரு வகை, தெற்கே பழனி மலையில் இன்னொரு வகை. 2017-இல் இவற்றுக்கு வைத்த அறிவியல் பேரினப் பெயரே 'ஷோலிகோலா', நம் சோலைதான் அதில் உட்கார்ந்திருக்கிறது.

பழுப்பாக ஒன்று பார்த்தேன். அது பெட்டையா, வேறு இனமா?

பழுப்பு ஈப்பிடிப்பான்களைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளாதவர்கள் இல்லை. நீலகிரி ஈப்பிடிப்பானின் பெண் மங்கலான சாம்பல் கலந்த பழுப்பு. பக்கத்தில் நீல ஆண் இருக்கிறதா என்று பத்து நிமிடம் காத்திருப்பதுதான் நான் அறிந்த நல்ல வழி.

குளிர்காலத்தில் வருகிற இரண்டு வகைகளில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பானுக்குக் கால் கருப்பு, உடம்பில் சாம்பல் சாயல், பெரிய கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானுக்குக் கால் வெளிறியிருக்கும், இறக்கையிலும் வாலிலும் செம்மை கலந்திருக்கும். கால் தெரியாவிட்டால் 'பழுப்பு, எதுவென்று தெரியவில்லை' என்று எழுதுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தால் பெரும்பாலும் அந்த வருடக் குஞ்சு.

இந்தப் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானின் அறிவியல் பெயரைக் கேளுங்கள்: மஸ்கிகாபா முத்துயி. இலங்கையில் வேலை பார்த்த லேயர்டு 1854-இல் இதை விவரித்தபோது, முதல் மாதிரியைக் கொண்டுவந்து கொடுத்த தன் பணியாள் முத்துவின் பெயரை வைத்தார். துரைமார் பெயரும் துரைசானிகள் பெயருமாக நிறைந்து கிடக்கும் பறவைப் பட்டியலில் ஒரு முத்து. நான் எந்தப் பழுப்பைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்க்கிறேன், முத்துவா என்று.

குரல் எப்படி இருக்கும்? போனில் போட்டுக் கூப்பிடலாமா?

மெல்லிய, கூர்மையான 'ச்சீ-ரி-ரி-ரிர்ர்'. குருவி என்றே தோன்றாது, ஏதோ பூச்சி கத்துகிறது என்று விட்டுவிடுவீர்கள். வயதானவர்களுக்குக் காதில் விழாமலும் போகலாம். குழுவில் ஒரு சின்னப் பையனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பறவைக் குரலைக் கேட்டு இனம் சொல்லும் மெர்லின் செயலி உதவும், ஆனால் அது சொல்வதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொண்டு கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள்.

கூப்பிடக் கூடாது. ஒரு வருடம் வழிகாட்டி ஒருவரை அமர்த்தினோம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்து இதன் குரலை ஒலிக்கவிட்டார். ஒரு நிமிடத்தில் ஆண் வந்துவிட்டது. எங்களுக்கு ஒரே குஷி. அவர் நிறுத்தவில்லை, நாங்களும் நிறுத்தச் சொல்லவில்லை. இருபது நிமிடம் அது சிறகைச் சிலிர்த்துக்கொண்டு இல்லாத எதிரியைத் தேடிப் புதருக்குப் புதர் அலைந்தது. கூடு கட்டும் மாதம் அது. தரையிலிருந்து சில அடி உயரத்தில், காய்ந்த இலையும் புல்லும் வைத்துப் பந்து மாதிரி கட்டிய கூட்டில் இரண்டு முட்டை இடும். அந்த இருபது நிமிடம் கூட்டை யார் பார்த்துக்கொண்டார்கள்? எடுத்த படங்களை யாருக்கும் அனுப்பவில்லை.

எந்த பைனாகுலர் வாங்குவது?

8x42. பெரிதாகக் காட்டட்டும் என்று 10x25 வாங்கி வந்து புலம்பியவர்கள் நம் குழுவிலேயே மூன்று பேர். கணக்கு எளிது: முன் கண்ணாடியின் அளவைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர். 25-ஐ 10-ஆல் வகுத்தால் 2.5. வடுவூர் வெயிலில் இரண்டும் ஒன்றுதான். சோலை இருட்டில் இரண்டாவது வெறும் கருப்பு. வாங்குமுன் இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். குருவி அவ்வளவு கிட்டத்தில் வரும்.

கேமரா?

கொண்டுவாருங்கள், பிளாஷ் போடாதீர்கள். முதல் நாள் பையிலேயே இருக்கட்டும்.

எப்படிப் போவது? அனுமதி வேண்டுமா?

தஞ்சாவூரிலிருந்து திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர். கும்பகோணத்திலிருந்து இன்னும் நாற்பது சேர்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் 'கோடைக்கானல் ரோடு' என்று டிக்கெட் எடுத்துவிட்டு, இறங்கினால் குளிரும் என்று ஸ்வெட்டரோடு இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்டேஷன் சமவெளியில் இருக்கிறது, மலை ஏற இன்னும் 80 கிலோமீட்டர் போக வேண்டும்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். அதை இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். பேரிஜம் ஏரிப் பக்கம் போக வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். ஊரை ஒட்டியே பாம்பே சோலை இருக்கிறது. முதல் தடவைக்கு அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

மலை ஏற உடம்பு ஒத்துக்கொள்ளாது. டெல்டாவிலேயே ஈப்பிடிப்பான் பார்க்க முடியாதா?

ஏன் முடியாது! கோடியக்கரை இருக்கிறதே. 1967-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். எல்லோரும் அங்கே பூநாரைக்கும் வெளிமானுக்கும் போகிறார்கள், பக்கத்திலேயே இருக்கும் வறண்ட பசுமைமாறாக் காட்டுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஐப்பசி முதல் மாசி வரை அங்கே அரசவால் ஈப்பிடிப்பானும் ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பானும் உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆராய்ந்த இடம் அது.

அவ்வளவு தூரம் கூட வேண்டாம். மார்கழியில் உங்கள் ஊர் மூங்கில் கொத்து, மாந்தோப்பு, நிழல் விழும் படித்துறை எங்காவது அரை மணி உட்காருங்கள். உடம்பை விட நீளமான ரிப்பன் வாலோடு ஒன்று நிழலுக்குள் நெளிந்து போனால் அதுதான் அரசவால் ஆண். வயதான ஆண் சில வெள்ளை வெளேரென்று இருக்கும், சில செம்பழுப்பு. அந்த நீள வால் இல்லாமல் செம்பழுப்பாக, கருப்புத் தலையோடு இருந்தால் பெண்ணோ இளசோ. தை மாதம் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் கொல்லையையும் சேர்த்துவிடலாம்.

சோலைக்கு வரப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். ஒரு மாதம் மூங்கில் கொத்தடியில் சும்மா உட்கார்ந்து பழகிவிட்டு வாருங்கள்.

அட்டை கடிக்குமா? காட்டெருமை வருமாமே?

அட்டை வால்பாறை மாதிரித் தாழ்ந்த மழைக்காட்டில்தான் அதிகம், கோடைக்கானல் உயரத்தில் மாசி மாதம் அவ்வளவு தொல்லை இல்லை. நடவு வயலில் நின்ற காலுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா?

காட்டெருமை விளையாட்டில்லை. ஊருக்குள்ளேயே, பஸ் ஸ்டாண்டு பக்கம் கூடத் திரியும். பார்ப்பதற்கு நம் வீட்டு மாடு மாதிரி சாதுவாக நிற்கும். 'ஹை, ஹை' என்று கையை ஓங்கிக்கொண்டு போகாதீர்கள், போன வருடம் ஒருவர் போகப் பார்த்தார். அது வழியில் நின்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். வேறு ஓடை பார்த்து உட்கார்ந்துகொள்ளலாம்.